பிள்ளையின் விரலில் எதைப் படித்தீர்கள்?

பள்ளித் தாளாளர் அவர்களுக்கும், தலைமை ஆசிரியர் அவர்களுக்கும், பெற்றோர் ஆசிரியர் கழகப் பொறுப்பாளர்களுக்கும்,

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் என் மகள் பள்ளியிலிருந்து வந்தவள், பையைக்கூடக் கழற்றாமல் அடுக்களை வாசலில் நின்று, "எனக்க விரல்ல கணக்கு இல்லியாம்மா" என்றாள். நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். முதலில் எனக்குப் புரியவில்லை. அப்புறம் பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து நீட்டினாள். வழவழப்பான தாள், அட்டையில் மூளையின் படம், உள்ளே அவளுடைய பத்து விரல் ரேகைகளும் பெரிதாக்கி அச்சிட்டிருக்கின்றன, ஒவ்வொரு விரலுக்கும் ஒரு சதவீதம். 'பிறவிக் கணிதத் திறன்: குறைவு. உடலியக்கத் திறன்: மிகுதி. கணிதம் சாராத துறைகள் பொருந்தும்.' பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு வந்த தீர்ப்பு இது.

ரேகை எடுக்க வந்த நிறுவனத்துக்கு ஆளுக்கு 1,200 ரூபாய் கொடுத்தோம். 'கட்டாயமில்லை, ஆனால் எல்லாப் பெற்றோரும் ஒத்துழைக்க வேண்டும்' என்று வாட்ஸ்அப் குழுவில் வந்த செய்தியை நம்பி நானும் கையெழுத்துப் போட்டேன். அந்தக் கையெழுத்துக்காக நான் இன்றும் வருந்துகிறேன். பள்ளி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

அதோடு நின்றிருந்தால் புத்தகத்தைப் பரணில் போட்டுவிட்டு மறந்திருப்பேன். ஆனால் இரண்டு வாரம் கழித்து எட்டாம் வகுப்பை அ, ஆ என்று புதிதாகப் பிரித்தீர்கள். தேர்வு மதிப்பெண்ணோடு இந்த ரேகை அறிக்கையையும் வைத்துத்தான் பிரித்ததாக வகுப்பாசிரியரே என்னிடம் சொன்னார். அ பிரிவுக்குக் கணக்கு காலையில் முதல் பாடம், ஆ பிரிவுக்கு மத்தியானச் சோற்றுக்கு அப்புறம். அதையும் பொறுத்துக்கொள்ளலாம். தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்புதவித் தேர்வுக்கான சிறப்பு வகுப்பு அ பிரிவுக்கு மட்டும் என்று முடிவெடுத்தீர்களே, அதை எப்படிப் பொறுப்பது? எட்டாம் வகுப்பில் மட்டுமே எழுதக்கூடிய தேர்வு அது. தேறினால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை வருடத்துக்கு 12,000 ரூபாய். குடும்ப வருமானம் மூன்றரை லட்சத்துக்குள் இருக்கிற பிள்ளைகளுக்காகவே ஏற்பட்ட உதவித்தொகை. அரசு உதவி பெறும் நம் பள்ளியில் ஆ பிரிவில் யார் இருக்கிறார்கள் என்று ஒருமுறை பெயர்ப்பட்டியலை எடுத்துப் பாருங்கள். ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்குப் போகிறவர்களின் பிள்ளைகள், செங்கல் சூளையில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள், அப்பா கேரளாவில் கொத்தனார் வேலைக்குப் போய்ச் சனிக்கிழமை ராத்திரி திரும்பி வருகிற வீட்டுப் பிள்ளைகள். அந்தத் தொகை யாருக்கு வேண்டுமோ அவர்களைத்தான் வெளியே நிறுத்தியிருக்கிறீர்கள்.

முதலில் அந்த ரேகையைப் பற்றி. நான் கணிதத்தில் எம்.எஸ்சி. படித்தவள், பதினோரு வருடமாக வீட்டில் டியூஷன் எடுக்கிறேன். ஒரு கருத்து சரியா தவறா என்று பார்க்க எதைக் கேட்க வேண்டும் என்பது கொஞ்சம் தெரியும். விரல் ரேகை கருவில் மூன்றாம் மாதத்திலிருந்து ஐந்தாம் மாதத்துக்குள் உருவாகிறது, அதே காலத்தில்தான் மூளையும் வளர்கிறது, ஆகவே ரேகை மூளையின் நகல் என்பது அந்த நிறுவனத்துக்காரர் நம் மண்டபத்தில் சொன்ன விளக்கம். அதே மாதங்களில் சிறுநீரகமும் வளர்கிறது, காதும் வளர்கிறது. ஒன்றாக வளர்ந்ததால் ஒன்றைப் பார்த்து இன்னொன்றைப் படித்துவிடலாம் என்று ஆகாது. இன்னும் நேராகவே சொல்கிறேன்: ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டைப் பிள்ளைகளுக்கு மரபணு ஒன்றுதான், ஆனால் விரல் ரேகை வேறு வேறு. கருப்பைக்குள் இருந்த இடம், அழுத்தம், வளர்ந்த வேகம் இவையெல்லாம் ரேகையை மாற்றிவிடுகின்றன. பிறவியில் வந்ததைக்கூடச் சரியாகக் காட்டாத ஒன்றை வைத்து 'பிறவித் திறன்' என்று அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்கள். இந்திய மனநல மருத்துவர் சங்கம் இந்தச் சோதனைக்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று அறிக்கையே வெளியிட்டிருக்கிறது. என் மகளின் ரேகை அறிக்கையில் பெயர் சொல்லப்பட்டிருக்கிற அமெரிக்க உளவியலாளர் ஹாவர்ட் கார்ட்னர் 1983-ல் மனிதருக்குப் பலவகை நுண்ணறிவு உண்டு என்று ஒரு கோட்பாடு வைத்தார், அந்தக் கோட்பாட்டில் விரல் ரேகைக்கு இடமே இல்லை.

என் அம்மாவைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அம்மா இருபத்தாறு வருடம் அண்டி ஆபீஸில், அதாவது முந்திரி ஆலையில், தோடு உடைத்தவள். முந்திரித் தோட்டின் எண்ணெய் பட்டால் தோல் எப்படிப் பொசுங்கும் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். சாம்பலில் கையைப் புரட்டிப் புரட்டித்தான் உடைப்பார்கள். சாயங்காலம் வந்து தேங்காய் எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், விரல் நுனியெல்லாம் கறுத்து, தோல் உரிந்து, உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரியும். இப்போது ரேஷன் கடையில் அம்மா விரலை வைத்தால் மெஷின் எடுப்பதில்லை. 'ரேகை விழல பாட்டி, இன்னொரு விரல் வையுங்க' என்பார் கடைக்காரர். பத்து விரலும் வைத்துப் பார்த்தாயிற்று. ரேகை தேய்ந்துபோன அந்தக் கைதான், நூறு கிலோவுக்கு முழுப்பருப்பு எத்தனை, உடைசல் எத்தனை என்று கண்ணால் பார்த்தே மேஸ்திரிக்கு முன்னால் சொல்லிவிடும், கூலியில் ஒரு ரூபாய் குறைந்தாலும் கண்டுபிடிக்கும். அம்மா படித்தது மூன்றாம் வகுப்பு. எனக்குக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் நான் அம்மாவைத்தான் காட்டுவேன், ஆனால் ரத்தத்தில் வந்ததாகச் சொல்ல மாட்டேன். சின்ன வயதில் ராத்திரி விளக்கு முன்னால் உட்கார வைத்து, வாரக் கூலியை என்னைக் கூட்டச் சொல்வாள். தப்பாகக் கூட்டினால் திட்ட மாட்டாள், 'இன்னொருக்க கூட்டு மக்களே' என்பாள். எட்டு வருடம், வாராவாரம். அதில் வந்த கணக்குதான்.

திறமை முழுக்க முழுக்கப் பழக்கம்தான் என்று சொல்லவும் நான் வரவில்லை. எனக்கு இரண்டு பிள்ளைகள், ஒரே வீடு, ஒரே சோறு. சின்னவன் இரண்டு வயதிலேயே கோயில் நாதஸ்வரத்தைக் கேட்டுவிட்டு வந்து அதே மெட்டை முனகுவான், பெரியவளுக்கு இன்றைக்கும் சுருதி நிற்காது. பிள்ளைகள் வேறு வேறாகத்தான் வருகிறார்கள், அதை எந்தத் தாயும் மறுக்க மாட்டாள். பயிற்சிக்கும் தேர்ச்சிக்கும் உள்ள தொடர்பைப் பற்றி வந்த பல ஆய்வுகளை 2014-ல் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தவர்கள், இசையில் ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசத்தில் சுமார் 21 சதவீதத்தையும் விளையாட்டில் 18 சதவீதத்தையும்தான் பயிற்சியால் விளக்க முடிகிறது என்று கண்டார்கள். மிச்சமெல்லாம் பிறவி என்று அதற்கு அர்த்தமில்லை. எப்போது தொடங்கினார், யார் சொல்லிக்கொடுத்தார், வீட்டில் நிம்மதி இருந்ததா என்று எத்தனையோ அதில் அடங்கும். விதை வேறு வேறு என்பது உண்மை. ஆனால் விதையைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் ஊற்றலாமா வேண்டாமா என்று முடிவெடுப்பது பள்ளிக்கூடத்தின் வேலையா?

என் அப்பா பால்வெட்டுத் தொழிலாளி. அந்த வேலையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ரப்பர் மரத்தின் பட்டையை அரிசி கனத்துக்குச் சீவ வேண்டும், கொஞ்சம் மேலாகப் போனால் பால் வராது, ஒரு நூல் ஆழமாகப் போனால் மரத்தில் காயம், அந்த இடத்தில் பட்டை பிறகு ஒழுங்காக வளராது. விடியுமுன் இருட்டில், நெற்றி லைட் வெளிச்சத்தில், நூற்றுக்கணக்கான மரங்களில் அதைச் செய்ய வேண்டும். அப்பா வெட்டுவதைப் பார்த்து 'பிறவிக் கை' என்று சொல்லாத ஆளில்லை. அந்தப் பிறவிக் கை, பத்தொன்பது வயதில் மூன்று மாதம், முறித்து மாற்றப்போகிற கிழட்டு மரங்களில் வெட்டிப் பழகிய கை. முதல் மாதம் முழுக்கக் காயம்தான் போட்டதாக அப்பாவே சொல்வார். அவருக்குக் கற்றுக்கொடுத்த பெரியவர் ஒருநாள்கூட 'உனக்கு இது வராது' என்று சொல்லவில்லையாம், கிழட்டு மரத்தை மட்டும் மாற்றி மாற்றிக் காட்டியிருக்கிறார். தப்புச் செய்வதற்கு ஒரு மரம் கொடுத்தார்கள் அவருக்கு. ஆ பிரிவுப் பிள்ளைகளுக்கு நீங்கள் அதைக் கொடுக்கவில்லை.

'ஆசிரியர் என்ன எதிர்பார்க்கிறாரோ அப்படித்தான் பிள்ளை வரும்' என்பது நமக்குத் தெரிந்த பேச்சுதான். 1968-ல் அமெரிக்காவில் ரோசந்தால், ஜேக்கப்சன் என்ற இருவர் ஒரு தொடக்கப் பள்ளியில் செய்து பார்த்த சோதனையை வெளியிட்டார்கள். குலுக்கல்போல எடுத்த சில பெயர்களை ஆசிரியர்களிடம் கொடுத்து, இந்தப் பிள்ளைகள் இந்த வருடம் நன்றாக மலர்வார்கள் என்று சொல்லி வைத்தார்கள். வருட முடிவில் ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளில் அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிட அதிகம் முன்னேறியிருந்தார்கள். அந்த முன்னேற்றம் எவ்வளவு பெரிது என்பதில் பின்னால் வந்த ஆய்வாளர்கள் சண்டை போடுகிறார்கள், அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் நம் வீட்டிலேயே நடந்ததைப் பார்த்துவிட்டேன். முன்பு ஒரு கணக்கு வரவில்லையென்றால் என் மகள் ரப்பரால் அழித்துவிட்டு மறுபடி போடுவாள். இப்போது பென்சிலைக் கீழே வைத்துவிடுகிறாள். நான்கு வாரத்தில் வந்த மாற்றம் இது.

இனி அதைவிடக் கனமான விஷயம். அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் 'இயல்பான ஒழுக்கப் பண்புகள்' என்று ஒரு தலைப்பு இருக்கிறது. எங்கள் பக்கத்து வீட்டுப் பையனும் என் மகள் வகுப்புதான். அவனுடைய தாளில் 'உந்துதலுக்கு உட்படும் இயல்பு, கண்காணிப்புத் தேவை' என்று இருந்தது. பெற்றோருக்கு மட்டும் என்று சொல்லப்பட்ட அந்தத் தாளின் நகல் ஆசிரியர் அறைக்கு எப்படிப் போனது? சுற்றுலாவுக்குப் பிரித்த பணத்தில் 600 ரூபாய் காணவில்லை என்றதும் நாற்பது பிள்ளைகள் இருந்த வகுப்பில் முதலில் அவன் பையைத்தான் மேசைமேல் கவிழ்த்தார்கள். என் மகள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: சோற்றுப் பாத்திரம் உருண்டு கீழே விழுந்தது, மூடி திறந்து சம்மந்தி சிதறியது, அவன் குனிந்து அதைக் கையால் வழித்து எடுத்தான், யாரையும் பார்க்கவில்லை. அவன் அப்பாவுக்குக் குடிப்பழக்கம் உண்டு. 'அப்பன் எப்படியோ அப்படித்தானே பிள்ளையும் வரும்' என்று ஓர் ஆசிரியர் சொல்லியிருக்கிறார், பிள்ளைகள் காதுபட. அன்று சாயங்காலமே பணம் வருகைப் பதிவேட்டுக்குள்ளிருந்து கிடைத்தது. அவனிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான்கு நாளாக அவன் பள்ளிக்கு வரவில்லை.

அந்தப் பையனை எனக்கு ஐந்து வயதிலிருந்து தெரியும். எங்கள் விளையில் முப்பத்தேழு ரப்பர் மரம் இருக்கிறது, சனிக்கிழமை காலையில் அவன்தான் ஒட்டுப்பால் பிரித்துக் கொடுப்பான். சிரட்டையிலும் வெட்டுப்பட்டையிலும் உறைந்து கிடப்பதை உரித்துச் சாக்கில் போட்டு, தொங்கு தராசில் மாட்டி, எடையைத் திண்ணையில் கிடக்கிற என் பழைய நோட்டில் அவனே எழுதி வைப்பான். நான் பக்கத்தில் நிற்பதுகூட இல்லை. ஒருமுறை மழை பெய்த மறுநாள் எடை எழுதிவிட்டுப் பக்கத்திலேயே 'தண்ணி இருக்கு, அரைக் கிலோ குறைக்கணும்' என்று எழுதியிருந்தான். கிலோவுக்கு இவ்வளவு என்று அவனுக்குத்தான் கூலி. குறைத்து எழுதினால் நஷ்டம் அவனுக்குத்தான். அவனை வளர்ப்பது அவன் பாட்டி. மீன் கூடை சுமந்து விற்கிறவள், கூறு வைத்து விற்கும்போது ஒரு மீன் கெட்டிருந்தால் அவளே எடுத்துத் தூரப் போடுவாள், அவன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்து வளர்ந்தவன். இதில் எவ்வளவு பிறவி, எவ்வளவு பாட்டி என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. எந்த மெஷினாலும் முடியாது.

ஒழுக்கம் பிறவியா பழக்கமா என்று குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வுகளில் எனக்கு மறக்க முடியாதது ஒன்று உண்டு. தின்பண்டம் ஒன்றை முன்னால் வைத்து, கொஞ்ச நேரம் பொறுத்தால் இரண்டாகத் தருகிறேன் என்று சொல்லும் சோதனை, ரொம்பப் பேர் கேள்விப்பட்டிருப்பீர்கள். பொறுக்கும் பிள்ளை கட்டுப்பாடுள்ள பிள்ளை, பொறுக்காத பிள்ளைக்கு அது இல்லை என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தார்கள். 2013-ல் அமெரிக்காவின் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அந்தச் சோதனைக்கு முன்னால் ஒன்று செய்து பார்த்தார்கள். பாதிப் பிள்ளைகளிடம் நல்ல கிரேயான் கொண்டுவருகிறேன் என்று சொல்லிக் கொண்டுவந்தார்கள், மறுபாதியிடம் சொல்லிவிட்டுக் கொண்டுவரவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றிய பெரியவரைப் பார்த்த பிள்ளைகள் சராசரியாக 12 நிமிடம் பொறுத்தார்கள், ஏமாற்றப்பட்டவர்கள் 3 நிமிடம்தான். சின்ன ஆய்வுதான், இருபத்தெட்டுப் பிள்ளைகள். ஆனால் பெரியவர்கள் நடந்துகொள்ளும் விதத்தில் ஒரு பிள்ளையின் அடக்கம் இவ்வளவு மாறும் என்றால், பையைக் கவிழ்த்துவிட்டு ஒரு வார்த்தையும் சொல்லாமல் போன பெரியவர்களிடம் அந்தப் பையன் எதைக் கற்றிருப்பான் என்று யோசித்துப் பாருங்கள்.

'சித்திரமும் கைப்பழக்கம் செந்தமிழும் நாப்பழக்கம்' என்று நம் பள்ளிச் சுவரில் எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பாட்டு 'நட்பும் தயையும் கொடையும் பிறவிக் குணம்' என்று முடிவதை ஒரு ஆசிரியர் என்னிடம் எடுத்துக்காட்டி, குணம் பிறவியில்தானே வருகிறது என்று ஔவையாரே சொல்லியிருக்கிறாரே என்றார். நட்பு, தயை, கொடை. பிறவியோடு வருவதாக அந்தப் பாட்டு சொன்னது இந்த மூன்று நல்ல குணங்களை மட்டும்தான். திருட்டும் பொய்யும் பிறவிக் குணம் என்று அது எங்கும் சொல்லவில்லை.

அப்படிச் சொன்ன சட்டம் ஒன்று இருந்தது. 1871-ல் வெள்ளையர் கொண்டுவந்த குற்றப்பரம்பரைச் சட்டம். சில சாதிகளில் பிறந்தாலே குற்றவாளி என்றது. 1911-ல் அதை விரித்துச் சென்னை மாகாணத்துக்கும் கொண்டுவந்தார்கள், பதிவு செய்யப்பட்டவர்களின் கைரேகையை எடுத்தார்கள், அதனாலேயே தென்மாவட்டங்களில் அதை ரேகைச் சட்டம் என்று அழைத்தார்கள். மதுரை ஜில்லா பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மாட்டோம் என்று நின்றவர்களில் 16 பேர் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிய 1947 ஆனது. நம் பள்ளி செய்ததும் அதுவும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. விரலில் மை தடவிப் பிறவிக் குணம் படிக்கும் பழக்கம் எங்கே கொண்டுபோய் விட்டது என்று தெரிந்த மண்ணில், யோசிக்காமல் அதைச் செய்திருக்கிறீர்கள் என்பதுதான் என் வருத்தம்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இது இன்னும் நெருக்கமான விஷயம். பிறப்பைக் காட்டி, பெண்கள் தோளில் சீலை போடக்கூடாது என்று தடுத்த ஊர் இது. பல பத்தாண்டுப் போராட்டத்துக்குப் பிறகுதான் 1859 ஜூலையில் திருவிதாங்கூர் அரசு அந்த உரிமையைக் கொடுத்தது. தலைப்பாகை கட்ட உரிமை இல்லாதவர்களைத் தலைப்பாகையோடு வழிபட வரச் சொன்னார் சாமித்தோப்பு ஐயா வைகுண்டர். இவர்களுக்குப் படிப்பு ஏறாது, இது இவர்கள் பிறவி என்று சொல்லப்பட்ட வீட்டுப் பிள்ளைகளுக்காக 1809-ல் மயிலாடியில் கிறிஸ்தவ மிஷனரி ரிங்கல்தௌபே பள்ளி தொடங்கினார். இருநூறு வருடம் கழித்து, 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவில் முதலிடம் நம் மாவட்டம், 91.75 சதவீதம். இந்த இருநூறு வருடத்தில் நம் ரத்தம் மாறவில்லை, விரல் ரேகை மாறவில்லை. பள்ளிக்கூடம் வந்தது. உங்கள் பள்ளியும் அப்படி வந்த ஒன்றுதான், என் அம்மாவின் கூலியிலிருந்து பிடித்த சந்தாவும் அதன் பழைய கட்டடத்தில் இருக்கிறது.

நான் கேட்பது இவைதான்.

எட்டாம் வகுப்பின் அ, ஆ பிரிப்பை ரத்து செய்து, முன்பிருந்தபடி பிள்ளைகளைக் கலந்து உட்கார வையுங்கள். உதவித்தொகைத் தேர்வுக்கான சிறப்பு வகுப்பை வருமானத் தகுதியுள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் இந்த வாரமே திறந்து விடுங்கள். ஆசிரியர் போதவில்லையென்றால் சனி, ஞாயிறு காலையில் நான் சம்பளமில்லாமல் வந்து கணக்கு எடுக்கிறேன், இதை எழுத்தாகவே தருகிறேன்.

ரேகை அறிக்கையின் நகல் ஒன்றுகூடப் பள்ளியில் இருக்கக் கூடாது. பிள்ளைகளின் ரேகைப் பதிவுகளை அந்த நிறுவனம் அழித்துவிட்டதாக எழுத்தில் வாங்கிப் பெற்றோருக்குக் காட்டுங்கள். 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது ஆகாதவர்களின் தரவைக் கையாளப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது. நான் கொடுத்த ஒப்புதலை இந்தக் கடிதத்தின் வழியாகத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். வசூலித்த பணத்தையும் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

அந்தப் பையன் வீட்டுக்குத் தலைமை ஆசிரியரும் வகுப்பாசிரியரும் நேரில் போக வேண்டும். அவன் பாட்டியிடம் பேசி, அவனைக் கூட்டி வந்து, பையைக் கவிழ்த்த அதே வகுப்பில், அதே பிள்ளைகள் முன்னால், தவறு எங்களுடையது என்று சொல்ல வேண்டும். மனரீதியாகப் பிள்ளையைத் துன்புறுத்துவதைக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தடுக்கிறது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் சட்டத்துக்காக அல்லாமல் அவனுக்காகவே இதைச் செய்யுங்கள்.

பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தைப் பத்து நாளுக்குள் கூட்டுங்கள், பெற்றோர்கள் வேலை முடிந்து வரக்கூடிய சாயங்கால நேரத்தில். அதற்குள் பதில் வரவில்லையென்றால் இந்தக் கடிதத்தையும் அறிக்கையின் நகலையும் நாகர்கோவிலில் மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலரிடம் நேரில் கொடுப்பேன். இதுவரை ஒன்பது பெற்றோர் என்னோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

எட்டாம் வகுப்பு ஆ பிரிவு மாணவி ஒருத்தியின் அம்மா,
கல்குளம் வட்டம்,
கன்னியாகுமரி மாவட்டம்.